முத்திரைச் செங்கல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய செங்கல்லின் நடுக்குழியில் 'ஜே.டி.' என்ற இரண்டே எழுத்து. செய்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அது எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று குறித்து வையுங்கள். செங்கல் கனத்த சரக்கு. ரயில் வருவதற்கு முன் வண்டியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் கூலியே விலையை விழுங்கிவிடும். அதனால் சாதாரணச் சிவப்புக் கல்லுக்கு அக்கம்பக்கத்துச் சூளைகளில்தான் தேட வேண்டும். கட்டடத்தின் காலத்தை ஒட்டிய நில அளவை வரைபடத்தில் சூளையும், மண் எடுத்த பள்ளமும் குறித்திருக்கும். பிந்தைய வரைபடத்தில் அதே பள்ளம் பெரும்பாலும் குட்டையாகியிருக்கும். அடுத்து, அந்த ஆண்டுகளின் வணிகர் பெயர்ப் பட்டியல்களைப் புரட்டி 'ஜே.டி.'க்குப் பொருந்தும் செங்கல் தயாரிப்பாளரைத் தேடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்து சூளைக்காரருடையதாகவே இருக்க வேண்டியதில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரருடையதாகவும் இருக்கலாம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களே தங்கள் களிமண்ணில் கல் அறுத்துச் சுட்டு, தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. எனவே பெயர் ஒன்று பொருந்தியதும் துள்ளிக் குதிக்காதீர்கள். அதே முத்திரை அந்தச் சூளைப் பள்ளத்தருகே உடைந்த துண்டிலாவது கிடைத்தால்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

ஓர் எழுத்து இடவலம் மாறி விழுந்திருக்கிறது. போலியா?

இல்லை. அச்சில் எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும். செதுக்கியவர் ஒன்றை மறந்தால் அச்சு உள்ளவரை எல்லாக் கல்லிலும் அதே பிழைதான். உங்களுக்கு லாபமே: ஒரே அச்சில் வார்த்த கற்களை அந்த எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்துக் கல் ஒன்றில் ஆங்கிலத்தில் 'வடிகால்' என்று மட்டும் இருக்கிறது. கம்பெனிப் பெயரா?

வரிவிலக்கு முத்திரை அது. பிரிட்டனில் 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு வரி இருந்தது. ஈரநிலத்தில் வடிகால் கட்டும் கல்லுக்கு 1826-இல் விலக்கு கிடைத்தது; அந்தச் சொல்லைப் பொறிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, செய்தவர் பெயர் தெரியாவிட்டாலும் காலம் கிட்டத்தட்ட கையில் இருக்கிறது. அந்தக் கல் வீட்டுச் சுவரிலிருந்து வந்ததென்றால், யாரோ வரிக்காரருக்குத் தண்ணி காட்டியிருக்கலாம்!

வெளிர் மஞ்சள் கல். வேற்று நாட்டு ஊர்ப்பெயர். எப்படி இங்கே வந்தது?

அநேகமாக உலைக்கல். கொதிகலன், இரும்பு உலை போன்றவற்றின் உட்சுவருக்கு வெப்பம் தாங்கும் தனிக் களிமண் வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் கிளென்பாய்க், இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் கற்கள் கடல் தாண்டிப் போனதற்கு அதுதான் காரணம். அக்கம்பக்கத்தில் தேடும் விதி இதற்குச் செல்லாது.

ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம், கறை பிடிக்கும். தண்ணீர், நைலான் பிரஷ், சுண்ணாம்புச் சாந்துக்கு ஒரு மரக்குச்சி போதும். சிமென்ட் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும்.

ரோமானிய முத்திரைக் கல் விற்பனைக்கு வருகிறது. வாங்கலாமா?

ஆசை புரிகிறது. ரோம் நகரக் கற்களில் அந்த ஆண்டின் கான்சல்கள் என்ற உயர் பதவியாளர்களின் பெயரே இருப்பதுண்டு, கி.பி. 123-ஆம் ஆண்டு முத்திரைகள் ஏராளம். ஆனால் கல் சுட்ட ஆண்டும் சுவர் எழும்பிய ஆண்டும் ஒன்றல்ல. கிடங்கில் கிடந்த கல்லும், இடித்த சுவரின் கல்லும் பின்னால் பயன்பட்டிருக்கின்றன. எந்தச் சுவரில், எந்த வரிசையில் இருந்தது என்று தெரிந்தால்தான் ஆய்வாளருக்கு உதவும். பெயர்த்து விற்றவர் அதை அழித்துவிட்டார். தொல்பொருள் சட்டத்திலும் சிக்கலாம். வாங்காதீர்கள்.