நாத்தனார் வீட்டு கிச்சனுக்கு யாருடைய கார்டு?

கேள்வி: எனக்கு 31 வயது, ஊர் கோவை. வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன், சேலைகளில் கையால் பெயின்ட் செய்து விற்கிறேன், குழந்தைகள் அறை, சின்ன கஃபே என்று இன்டீரியரும் செய்கிறேன். மாதம் சராசரியாக 73,000 ரூபாய் வருகிறது, கையில் நிற்பதில்லை. கிரெடிட் கார்டில் 1,86,000 பாக்கி. மினிமம் மட்டும் கட்டுகிறேன். அதில் 80,000 நாத்தனார் வீட்டு மாடுலர் கிச்சனுக்கும், 65,000 சித்தப்பா ஃப்ளாட்டுக்கும் பொருள் வாங்கிய பணம். எட்டு மாதமாகியும் வரவில்லை. ஃபீஸ் வாங்கவில்லை, நாத்தனார் ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார். எஃப்.டி.யில் 1,20,000 இருக்கிறது. 3 லட்சம் பர்சனல் லோன் எடுத்து கார்டை அடைத்துவிட்டு, மிச்சத்தை யூலிப்பில் (இன்சூரன்ஸும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார் பேங்க்காரர். ‘மூணு தொழில் எதுக்கு, ஒண்ணை வச்சுக்கோ’ என்கிறார் மாமனார். எதை விடுவது? சித்தப்பா ஃப்ளாட்டில் ஃபால்ஸ் சீலிங் வேறு இன்னும் பாக்கி.

பதில்: எதையும் விட வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். புத்தகத்துக்கு வரைந்த அந்தக் கண்ணாடி போட்ட யானை, சேலை முந்தானையில் ஏறி, அப்புறம் யாரோ ஒரு குழந்தையின் அறைச் சுவருக்கும் போயிருக்கிறது. ஒரே யானை மூன்று இடத்தில் சம்பாதித்துக் கொடுக்கிறது. இதை மூன்று தொழில் என்று நான் சொல்ல மாட்டேன். (பதிப்பகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்திருந்தால், சேலையில் வரைய அவர்கள் சம்மதம் வேண்டும். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த உரிமைக்கு பதிப்புரிமைச் சட்டம் 5 வருடம் என்றே கணக்கு வைக்கிறது.)

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு பிளைவுட்டுக்கு உங்கள் கார்டைத் தேய்க்கிறீர்களே, அங்கே.

கணக்கைத் தோராயமாகப் போடுவோம். கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,86,000-க்கு 6,500, அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. சேர்த்தால் 7,700. மினிமம் 5% என்றால் நீங்கள் கட்டுவது 9,300. அசலில் குறைவது 1,600 ரூபாய்தான்! பாக்கி இருக்கும்வரை வட்டியில்லா நாட்களும் கிடையாது. நேற்று வாங்கிய ஃபேப்ரிக் கலர் டப்பாவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது.

நாத்தனாரின் 80,000-க்கு மட்டும் மாதம் சுமார் 3,300. எட்டு மாதத்தில் 26,000-க்கு மேல். டிசைனும் போட்டு, ஆசாரிக்குப் பக்கத்தில் நின்று வேலையும் வாங்கி, மேலே 26,000 மொய் வைத்திருக்கிறீர்கள். பட்டுச்சேலை என்ன விலை இருக்கும்?

‘சொந்தக்காரங்ககிட்ட எப்படி அட்வான்ஸ் கேட்கிறது’ என்பீர்கள். கேட்கவே வேண்டாம். இனி யார் வீட்டு வேலை என்றாலும் அவர்களையே பிளைவுட் கடைக்குக் கூட்டிப் போங்கள். மைக்கா, கீல், சேனல் எல்லாவற்றையும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். பில் அவர்கள் பெயரில், பணம் அவர்கள் போனிலிருந்து. ஆசாரிக்கு வாரக்கூலியும் அப்படியே. வெளியாட்களிடம் 25,000 ஃபீஸ் வாங்கும் வேலைக்குச் சொந்தத்தில் 15,000 வாங்குங்கள். மனசு கேட்காவிட்டால் 10,000. சலுகை உங்கள் ஃபீஸில் இருக்கட்டும். கடைக்காரன் பில்லில் நீங்கள் எப்படிச் சலுகை கொடுப்பீர்கள்? இன்னொன்று, பொருள் பணமெல்லாம் உங்கள் கணக்கு வழியாகப் போய் வந்தால் வரி கட்டும் நேரத்தில் அது உங்கள் வருமானம் போலத் தெரியும். இல்லை என்று விளக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

பழைய பாக்கிக்கு வருவோம். நாத்தனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும், அவருடைய அக்காதானே. கடைப் பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, ‘கார்டில் வட்டி ஏறுது, இந்த மாசம் 40, அடுத்த மாசம் 40 போட்டுடுங்க’ என்று கேட்டால் போதும். வட்டியைக் கேட்காதீர்கள், அது போனது போனதுதான்.

அதுவரை காத்திருக்காமல் எஃப்.டி.யை உடையுங்கள். அவசரப் பணத்தில் கை வைக்காதே என்று வழக்கமாகச் சொல்கிறவன் நான். ஆனால் 7% வட்டியில் அது மாதம் 700 ரூபாய் கொண்டுவருகிறது, கார்டு 7,700 கொண்டுபோகிறது. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். பாக்கி 66,000 ஆகிவிடும். நாத்தனார் பணம் வந்ததும் கார்டு முடிந்தது. சித்தப்பாவின் 65,000 வரும்போது அப்படியே திரும்ப எஃப்.டி.க்குப் போகட்டும். அடுத்த ஒரு வருடம் அந்த 9,300-ஐயும் மாதாமாதம் அங்கேயே போடுங்கள். ஒரு மாதம் ஆர்டர் குவியும், அடுத்த மாதம் ஒன்றும் இருக்காது என்ற தொழிலில் ஆறு மாதச் செலவுப் பணமாவது தனியாக இருக்க வேண்டும்.

யூலிப்பா? 14% வட்டிக்குக் கடன் வாங்கி, கட்டணம் பிடித்தது போக மிச்சத்தைச் சந்தையில் போடும் ஒன்றில், 5 வருடம் எடுக்க முடியாதபடி பூட்டுவதா? பேங்க்காரருக்கு லோன் டார்கெட்டும் இன்சூரன்ஸ் டார்கெட்டும் ஒரே கையெழுத்தில் முடியும். உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

சித்தப்பா ஃப்ளாட்டில் ஃபால்ஸ் சீலிங் இன்னும் பாக்கி என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜிப்சம் போர்டை அவரே வாங்கட்டும்.