மறு டெண்டரில் மட்டும் தொகை எப்படிக் கூடுகிறது?

தக்கலைப் பக்கம் ஒரு சின்னப் பாலத்துக்கு முதல் டெண்டரில் ஆளே வரவில்லை, மறு டெண்டரில் தொகை கூடிவிட்டது, நடுவில் யாராவது தின்றார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியும் நடக்கும், ஆனால் எப்போதும் அதுதான் காரணம் என்றில்லை. மதிப்பீடு அரசு விலைப்பட்டியலை வைத்துப் போடப்படுகிறது, ஒப்பந்தக்காரரோ பாறைப்பொடியையும் சல்லியையும் அன்றைய குவாரி விலைக்கு, லாரி வாடகையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கட்டாது என்று தெரிந்தால் அவர் ஏன் வரப்போகிறார்? அதனால்தான் மறு டெண்டரில் தொகையைக் கூட்ட வேண்டிவருகிறது. போதாததற்கு அரசுப் பாலம், சாலை வேலைகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலையில் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. சிமெண்ட் வரி 28லிருந்து 18க்கு இறங்கியது 2025 செப்டம்பரில்தான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் மண் இன்னொரு தலைவலி. நான்குவழிச்சாலை குளத்தையும் வயலையும் தாண்டிப் போவதால் மேடாக்க மலைபோல மண் வேண்டியிருந்தது, கிடைக்காமல் வேலை இழுத்துக்கொண்டே போனதை எல்லாரும் பார்த்தோம்.

அப்புறம் ஒப்பந்த முறையும் மாறுகிறது. முன்பு அளந்து, ஆன வேலைக்குப் பணம். இப்போது பெரிய சாலைகளில் வடிவமைப்பும் சேர்த்து மொத்தத் தொகைக்கு விடுகிறார்கள், வேலையின் அளவு கூடினால் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் தலையில்தான் விழும், அந்தப் பயத்தையும் விலையில் ஏற்றித்தான் கேட்பார்.