வெயில் ஊரில் இருக்கும் ஆண் நிட்டிங் கற்றுக்கொள்வது வீண் வேலையா? கற்பதென்றால் எதில் தொடங்கலாம்?

கேள்விக்குக் கீழே "வீட்டில் சிரிக்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிந்துபோய்க் கைக்கு ஒரு வேலை தேடுகிறீர்கள், எங்கோ ஒரு வீடியோவில் யாரோ குல்லா பின்னியதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

எனக்கு 62 வயது. சொந்த ஊர் பாம்பன். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படித்து ஒரு வேலைக்குப் போனேன், அதில் ஆறு வருடம் குன்னூரில் இருந்தேன். வாடகைக்கு இருந்த வீட்டின் பாட்டிதான் நிட்டிங் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பதைவிட, மழை நாட்களில் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டு ஊசியைக் கையில் திணித்தார் என்பதுதான் சரி. அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகுதான் தொடங்கியது. டீக்கடையில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால், "என்ன மாமா, மாமி சமைக்கிறாங்களா, நீங்க பின்னுறீங்களா?" என்று ஒரு பையன் தினமும் கேட்பான். அப்படிக் கேட்கும்போது அவன் கையில் என்ன இருக்கும் தெரியுமா? வலை ஊசி. மடியில் கிழிந்த வலை. நானும் பின்னுகிறேன், அவனும் பின்னுகிறான். அவனுடையது தொழில், என்னுடையது பொம்பளை வேலை. ஒயர் கூடை பின்னினாலாவது சந்தைக்கு உதவும் என்று ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார்.

பெரு நாட்டில் டிட்டிகாகா ஏரிக்குள் தக்கிலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள் வேலை, சின்ன வயதிலேயே பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் பாரம்பரியங்களில் ஒன்றாக அறிவித்தது. இதை டீக்கடையில் சொன்னேன். "அது அவங்க தீவு, இது நம்ம தீவு" என்று பதில் வந்தது. சரி, விடுங்கள்.

அடுத்து வெயில். "இந்த ஊரில் ஸ்வெட்டரா?" என்று கேட்பவர் அநேகமாக ஒரு பனியன் போட்டுக்கொண்டுதான் கேட்பார். அந்தப் பனியனே நிட்டிங்தான். நம்பிக்கை இல்லையென்றால் பழைய பனியன் ஒன்றை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி' வரிசையாக இருக்கும், உள்பக்கம் சின்ன மேடுகளாக இருக்கும். கையால் பின்னும்போது நிட், பர்ல் என்று சொல்கிறோமே, அந்த இரண்டும் இதுதான். ஒரு கண்ணியின், அதாவது ஒரு நூல் வளையத்தின், முன்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல். பனியனின் ஓரத்தை வெட்டினால் துணி சுருண்டுகொள்ளும் இல்லையா, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று பின்னும் துணியும் அப்படியேதான் சுருளும். அதனால் முதல் வேலையை அந்த முறையில் தொடங்காதீர்கள், சுருளுவதைப் பார்த்துவிட்டு உங்கள் கைதான் கோளாறு என்று நினைப்பீர்கள். எல்லா வரிசையும் நிட் மட்டுமே போட்டால் துணி தட்டையாக நிற்கும். அதற்குக் கார்ட்டர் தையல் என்று பெயர். பருத்தி நூலில் ஒரு பாத்திரம் துடைக்கும் துணி. அவ்வளவுதான் முதல் திட்டம். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி என் கதை. திட்டாமல் படியுங்கள்.

2023 மார்கழி. அப்பாவுக்கு அப்போது 84. கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகியும், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கரைக்குப் போய் நின்று படகு வருவதைப் பார்ப்பார். வாடைக் காற்று அந்த நேரத்தில் காதுக்குள் இறங்கும். வெயில் ஊர் வெயில் ஊர் என்று சொல்பவர்கள் மார்கழி விடியலில் எங்கள் கரைக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவருக்கு ஒரு குல்லா பின்னலாம் என்று தோன்றியது.

நூல் வாங்க மதுரைக்குப் போனேன். அப்போது தீவுக்குள் ரயில் வரவில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்தியது, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபிறகுதான் வந்தது. பஸ்ஸில் போய் விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்துக் கடையில் கருநீல உல்லன் நூல் இரண்டு உருண்டை வாங்கினேன். லேபிளில் 4 மில்லிமீட்டர் ஊசிக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று போட்டிருந்தது. குல்லாவின் சுற்றளவு 50 செ.மீ. இருந்தால் போதும், தலையில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். ஆக 110 கண்ணி. கணக்கு சரிதானே? பாட்டி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பார் என்று. ஒரு குல்லாவுக்கு எதற்கு அளவுத் துண்டு என்று நேராக இறங்கிவிட்டேன். என் கை தளர்ந்த கை. எனக்கு 10 செ.மீ.க்கு 18 கண்ணிதான் வருகிறது. பாதியில் நூல் தீர்ந்து, மறுபடி மதுரைக்குப் போனால் அதே கருநீலம் வேறு சாயத் தொகுதி. கடைக்காரர் "ஒண்ணுதான் சார்" என்றார். கடைக்குள் ஒன்றுதான். வெளியே வெயிலில் பார்த்தால் ஒன்று மை, ஒன்று கத்திரிக்காய். ஒரு வேலைக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில், லேபிளில் ஒரே சாய எண் பார்த்து வாங்கிவிடுங்கள். மிச்சமானால் மிச்சமாகட்டும்.

முடிந்தபோது குல்லாவின் சுற்றளவு 61 செ.மீ. அப்பா தலையில் வைத்தார், கண், மூக்கு எல்லாம் உள்ளே போய்விட்டது. கழற்றி, திருப்பி, இழுத்துப் பார்த்தார். "கண்ணி எண்ணாம எவனாவது பின்னுவானாடா?" என்றார். எண்ணித்தான் பின்னினேன் என்றேன். "எண்ணுனே. அளந்தியா?"

உள்ளே போய் ஒரு மூங்கில் பட்டையை எடுத்து வந்தார். அவர் காலத்தில் வலை கையால் பின்னியபோது கண்ணிக்குக் கண்ணி அளவு வைத்த பட்டை, தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. இப்போதெல்லாம் நைலான் வலை மிஷினில் பின்னி ஆயத்தமாக வந்துவிடுகிறது, கயிறு கோப்பதும் கிழிசல் தைப்பதும்தான் கையில். "அடுத்தவன் கை வேற, உன் கை வேற. உன் கைக்கு எத்தனைனு முதல்ல பாரு" என்றார். குன்னூர்ப் பாட்டி ஆறு வருடம் சொன்னதும் இதுவேதான். அவர் சொல்லி எனக்கு ஏறவில்லை.

அதோடு விடவில்லை. நுனியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். மளமளவென்று நாலு வரிசை பிரிந்து வந்துவிட்டது. பதறிப்போனார். "முடிச்சே போடலையா நீ?" வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு, ஒரு கண்ணி அறுந்தால் அந்த ஓட்டை அங்கேயே நிற்கும். நிட்டிங்கில் முடிச்சு கிடையாது, ஒரு கண்ணியை அடுத்த கண்ணி பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பனியன் இழுபடுகிறது, அதனால்தான் ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் ஏணி போலக் கீழே ஓடுகிறது. நழுவினால் பயப்படாதீர்கள், நுனியில் கொக்கி உள்ள ஒரு குரோஷா ஊசியால் படிப்படியாகக் கோத்து மேலே கொண்டுவந்துவிடலாம். எனக்கு இன்றும் நடுங்கும் என்பதால் இருபது வரிசைக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி வைத்துவிடுவேன். பிரிக்க வேண்டி வந்தால் அந்த நூலோடு நிற்கும். அப்பாவிடம் இதைக் காட்டியபோதுதான் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

முழுக்கப் பிரித்து மறுபடி பின்னினேன். என் கைக்கு 50 செ.மீ. என்றால் 90 கண்ணி. ஓரத்துக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் பின்னும் ரிப் (இழுபடும் பட்டை) வைப்பதால் நாலால் வகுபட வேண்டும், அதனால் 88. நின்றது. கீழே மை, மேலே கத்திரிக்காய். கரையில் யாரோ "கடையில வாங்குனதா?" என்று கேட்டார்களாம். அப்பா வீட்டில் வந்து நாலு முறை சொன்னார்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் "வெயில் ஊருக்குக் குரோஷாதான் சரி, ஒரே ஊசி, ஒரே கண்ணி, நழுவினாலும் மொத்தமும் பிரியாது" என்பார்கள். உண்மைதான். நான் குரோஷாவுக்கு எதிரி அல்ல. கேட்டவர் நிட்டிங் என்று கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "உல்லன் என்று சொல்லி அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத்தானே வாங்கினீர்கள்" என்பவர்களுக்கும்: ஆமாம். உப்புக் காற்றில் தினமும் நனையும் குல்லாவை வீட்டில் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கட்டியாகிவிடும். அக்ரிலிக் தாங்கும், இஸ்திரி மட்டும் கூடாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. போன வருடம் நெருங்கிய சொந்தத்தில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. மூன்று மாதம் உட்கார்ந்து பருத்தி நூலில் ஒரு குழந்தைப் போர்வை பின்னிக் கொண்டுபோனேன். மொய் எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "போர்வை 1" என்று எழுதினார். தொகைக்கான இடத்தில் ஒரு கோடு. எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் 500 வைத்ததை நான் எத்தனை இடத்தில் எத்தனை மடங்காகத் திருப்பியிருக்கிறேன் என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேன், போர்வை மிக்ஸியின் மேல் கிடந்தது. அதன்பிறகு யாருக்கும் பரிசாகப் பின்னுவதில்லை, ரூபாயாகத்தான். நீங்களும் முதல் வருடம் உங்களுக்கு மட்டும் பின்னுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். நம் கடைகளில் பழைய எண் கணக்கும் நடக்கிறது, அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25. தொடங்குவதற்கு 8 போதும். இரும்பு ஊசி வேண்டாம், எங்கள் கரையில் சீக்கிரமே துருப்பிடித்து நூலில் கறை விடுகிறது. துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு கைக்குட்டை அளவு துணியைப் பாழாக்கியவன் நான். மூங்கில் ஊசி வாங்குங்கள், வியர்த்த கையிலும் வழுக்காது. பருத்தி நூல் இழுபடாது என்பதால் முதல் வாரம் விரல் வலிக்கும், இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

30 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் நிட்டாக ஒரு சாண் உயரம் பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணிக் கீழே கமெண்டில் போடுங்கள். அதே நூல், அதே ஊசியில் நானும் ஒரு துண்டு பின்னிப் போடுகிறேன், யார் கை தளர்ந்தது என்று பார்ப்போம்.