காணாமற்போன எண்ணெய் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மெக்சிக்கோ வளைகுடாவில் 2010ஆம் ஆண்டு நிகழ்ந்த எண்ணெய்க் கசிவைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். முப்பத்தொரு ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவன் என்ற வகையில் சில ஐயங்களை எழுப்ப விரும்புகிறேன். "அந்தக் கடல் செத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே, கசிந்த எண்ணெயில் முக்காற்பங்கு இல்லாமற்போய்விட்டது என்று அமெரிக்க அரசாங்கத் தரப்பு கூறியது. இரண்டு வாரம் கழியுமுன் ஒரு பல்கலைக்கழகத்தார் வந்து, முக்காற்பங்கு வரை இன்னும் கடலில் இருக்கிறது என்றார்கள். இரு தரப்பும் விஞ்ஞானிகள்தான். அவரவர் தமக்குப் படியளப்பவருக்கு ஏற்பப் பேசுகிறார்கள், உண்மை எவருக்கும் தெரியாது என்பதே நான் இதிலிருந்து பெறும் முடிவு. எண்ணெய் நிலத்துக்கடியில் தானாக உண்டான பொருள். பக்டீரியா அதைத் தின்னும், வெயிலும் அலையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது ஆமைகள் செத்தொதுங்கியதையும் இப்படித்தான் பெரிதாக்கினார்கள். சோளகக் காலத்தில் ஆமை ஒதுங்குவது நாம் சிறுவயதிலிருந்து காண்பதுதானே? கடல் பெரிது ஐயா.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கோண்டாவில்

*

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். "அந்தக் கடல் செத்தது" என்ற வாக்கியத்தை ஓசைக்காக எழுதிவிட்டேன். ஒரு கட்டத்தில் வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் கடற்பரப்பில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மீன்பிடி தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடை 2011 ஏப்ரலில் முற்றாக நீங்கியது. இன்றும் அங்கே இறால் படுகிறது. வாக்கியத்தைத் திருத்திவிட்டேன்.

ஆனால், அந்த இரண்டு முக்காற்பங்குகளைக் கொண்டு நீங்கள் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், இரண்டு கணக்குகளும் ஒரே அட்டவணையிலிருந்து பிறந்தவை. ஓகஸ்ட் 4ஆம் தேதி அரசாங்கம் வெளியிட்ட அந்த அட்டவணை, கடலடி எண்ணெய்க் கிணற்றிலிருந்து வெளிப்பட்டதாக மதிப்பிடப்பட்ட 49 இலட்சம் பீப்பாய் எண்ணெயை ஏழு கூறாகப் பிரித்தது. கிணற்று வாயிலேயே குழாய் வழியாகக் கப்பலுக்கு எடுக்கப்பட்டது 17 சதவீதம், எரிக்கப்பட்டது 5, மேற்பரப்பிலிருந்து வழித்தெடுக்கப்பட்டது 3, இரசாயனத்தால் சிதறடிக்கப்பட்டது 8, தானாகச் சிதறியது 16, ஆவியானதும் கரைந்ததும் சேர்ந்து 25, எஞ்சியது 26. கடைசிக் கூறான அந்த 26ஐ மட்டுமே "மிச்சம்" என்று எடுத்துக்கொண்டு, மற்றவை எல்லாம் போய்விட்டன என்று அதிகாரிகள் சிலர் தொலைக்காட்சியில் பேசினார்கள். ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் அதே எண்களைக் கையில் எடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். குழாயிலேயே பிடித்துக் கப்பலில் ஏற்றிய எண்ணெய் கடலில் கலக்கவே இல்லையே, அதைக் கடலிலிருந்து நீங்கியதாக ஏன் எண்ண வேண்டும்? சிதறியதும் கரைந்ததும் நீரில்தானே இருக்கின்றன, அவற்றை எப்படிப் போனதாகக் கொள்வது? அவர்கள் ஆவியாகியிருக்கக்கூடிய பங்கையும் சிதைந்திருக்கக்கூடிய பங்கையும் கழித்துப் பார்த்து, 70 முதல் 79 சதவீதம் வரை இன்னும் கடலில் இருக்கலாம் என்றார்கள்.

உங்கள் வகுப்பில் ஒரு மாணவன், ஒடியற் கூழில் போட்ட உப்பு கரைந்தவுடன் அது இல்லாமற்போய்விட்டது என்று எழுதியிருந்தால் நீங்கள் என்ன புள்ளி கொடுத்திருப்பீர்கள்? கரைவதையும் அழிவதையும் பிரித்தறிவதுதானே இரசாயனவியலின் அரிச்சுவடி. ஆகவே அந்த ஓகஸ்ட் மாதத்தில் நடந்த சண்டை "போய்விட்டது" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பற்றியது. அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டு கூட்டத் தெரிந்த எவரும் இரு தரப்பும் எங்கே பிரிகின்றன என்று கண்டுகொள்ளலாம். அப்படிக் கண்டுகொள்ளக்கூடிய ஒன்றை "எவருக்கும் தெரியாது" என்று மூடிவைப்பது கணக்குப் பார்க்க மறுப்பதாகும் என்று, கோபிக்காதீர்கள், எனக்குத் தோன்றுகிறது.

படியளப்பவரைப் பற்றி நீங்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கசிவின் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றார்கள். ஒரு கிழமைக்குள் அது 5,000 ஆயிற்று. கிணறு மூடப்பட்ட பின் வந்த மதிப்பீடு, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய் வரை பாய்ந்திருக்கும் என்றது. அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படும் சட்டம் அது. எனவே நீதிமன்றத்தில், கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் 24.5 இலட்சம் பீப்பாய்தான் கடலில் கலந்தது என்று வாதிட்டது, அரசாங்கத் தரப்பு சுமார் 42 இலட்சம் என்றது, 2015 ஜனவரியில் நீதிபதி 31.9 இலட்சம் என்று தீர்மானித்தார். எண் எந்தப் பக்கம் சாய்ந்தால் எவருக்கு இலாபம் என்பது வெளிப்படை. அந்த இலாபத்தைத் தெரிந்துகொண்டு எண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

பக்டீரியா விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்நீரில் எண்ணெய் மேகம் எதுவும் இல்லை, எண்ணெய் முழுவதும் மேற்பரப்பில்தான் இருக்கிறது என்று நிறுவனத்தின் தலைவர் மே மாத இறுதியில் கூறினார். யூன் மாதம் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தார் கருவியை இறக்கிப் பார்த்தபோது, ஏறத்தாழ 1,100 மீற்றர் ஆழத்தில் 35 கிலோமீற்றருக்குக் குறையாத நீளத்தில் எண்ணெய் கலந்த நீர்ப்படலம் ஒன்று கிடந்தது. அவர்களுடைய ஆய்வு வெளியான அதே ஓகஸ்ட் மாதத்தில், பேர்க்லி ஆய்வுகூடத்தார் அந்த ஆழத்துப் பக்டீரியா எதிர்பார்த்ததைவிட வேகமாக எண்ணெயைத் தின்கிறது என்று எழுதினார்கள். பத்திரிகைகள் இதனை நேருக்கு நேர் மோதலாகக் காட்டின. பேர்க்லிக் குழுவினருக்குக் கிடைத்த நிதியில் பிபி நிறுவனத்தின் பணமும் இருந்தது என்பதை எதிர்த்தரப்பார் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் பக்டீரியா தின்றது உண்மையே. அந்த வளைகுடாவின் அடித்தளத்தில் இயற்கையாகவே எண்ணெய் ஊறும் இடங்கள் ஏராளம் உண்டு. எண்ணெயைத் தின்று பழகிய நுண்ணுயிர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இதை நான் என் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

எனினும் தின்றது போக மிச்சம் எங்கே போனது என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. நவம்பர் மாதம், கிணற்றுக்குத் தென்மேற்கே 11 கிலோமீற்றர் தொலைவில், 1,370 மீற்றர் ஆழத்தில் இருந்த முருகைக்கற் கூட்டம் ஒன்றின்மேல் கபில நிறப் படிவு போர்த்திருந்ததைக் கண்டார்கள். எண்ணெய்த் துளிகளும் நுண்ணுயிர்கள் சுரந்த சளியும் ஒட்டித் திரண்டு, பஞ்சுபோல் கீழே இறங்கியிருந்தன. மேற்பரப்பில் விமானத்திலிருந்து பார்த்தவருக்கு எண்ணெய் இல்லை; அடியில் இருந்த முருகைக்கு இருந்தது.

கடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பதற்கு உங்களுக்கு உதவக்கூடிய சான்று ஒன்றை நானே தருகிறேன். 1993 ஜனவரியில் ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுக் கரையில் பிரேயர் என்ற கப்பல் மோதி உடைந்து ஏறத்தாழ 85,000 தொன் எண்ணெய் கொட்டியது. எண்ணெய் இலேசான வகை. அப்போது வீசிய புயலும் கடுமை. அலைகள் எண்ணெயை அடித்துச் சிதறடித்துவிட்டன. அஞ்சிய அளவுக்குப் பறவைகள் சாகவில்லை. வேறொரு பாடமும் இருக்கிறது: 1967இல் டொரி கன்யன் கப்பல் உடைந்தபோது, இங்கிலாந்தின் கோர்ண்வோல் கரையைச் சுத்தமாக்குவதற்காகக் கொட்டிய சலவை இரசாயனங்கள் எண்ணெயைவிட அதிக உயிர்களைக் கொன்றன. ஆனால், புயலில் சிக்கிய திறந்த கடலுக்குப் பொருந்தும் கணக்கை எங்கள் பரவைக் கடலுக்குப் பொருத்தலாமா? இடுப்பளவு நீர், சாதாழை படர்ந்த தரை, ஓரத்தில் கண்டல், அதன் அடியில் காற்றுப் புகாத கருஞ்சேறு. காற்றில்லாச் சேற்றில் பக்டீரியாவின் வேகம் மிகமிகக் குறைவு என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி ஆமைகள். உங்கள் கடிதத்தில் மிக வலுவான இடம் இதுதான். 2021 மே 20ஆம் தேதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் தீப்பற்றியபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன, அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் மணிகளும் இருந்தன. கப்பலின் சொந்த எரிபொருள் வேறு. பின்னர் செத்தொதுங்கியவையாக 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் வழக்கில் குறிப்பிடப்பட்டன. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. சோளகத்தில் ஆமை ஒதுங்குவது வழமைதான் என்று நீங்கள் சொல்வதையே மறுப்பாளர்களும் சொன்னார்கள். சரி, வழமையாக எத்தனை ஒதுங்கும்? 2019இல் எத்தனை, 2015இல் எத்தனை? நீங்களும் நானும் சிறுவயதிலிருந்து பார்த்தோம், ஆனால் நம்மில் எவரும் எண்ணி எழுதி வைக்கவில்லையே. முன்கணக்கு இல்லாத இடத்தில் சண்டை தீராது. அப்படித் தீராமல் இருப்பது எப்போதும் கொட்டியவருக்கே வசதியாக முடிகிறது.

முன்கணக்கு இருந்த இடம் ஒன்றுண்டு. 1986 ஏப்ரலில் பனாமாவின் கரிபியன் கரையில் சுத்திகரிப்பு ஆலையொன்றின் தாங்கி உடைந்து, குறைந்தது 50,000 பீப்பாய் மசகு எண்ணெய் கண்டற்காட்டிலும் முருகைக்கல்லிலும் பாய்ந்தது. அந்தக் கரையிலேயே கலேட்டா என்ற இடத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருந்தது. எண்ணெய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அங்கே எதை எண்ண முடியுமோ அதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆகவே, நீருக்கடியில் மூழ்கியிருக்கும் முருகைக்கு மேலே மிதக்கும் எண்ணெயால் பெரிய தீங்கில்லை என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டதை, முன்னும் பின்னுமான எண்களை அருகருகே வைத்து அவர்களால் மறுக்க முடிந்தது. கண்டற் சேற்றிலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் திரும்பத் திரும்பக் கசிந்து வந்ததையும் பதிவுசெய்தார்கள். அங்கேயும் வாதம் நடந்தது. கையில் எண் இருந்ததால் அது ஒரு முடிவை நோக்கி நகர்ந்தது.

உங்கள் ஊருக்கு அருகிலேயே, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு குழு உண்டு என்றது, ஒரு குழு அபாயமில்லை என்றது, சனம் வாளியில் மிதந்ததைக் கண்ணாற் கண்டது. 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அப்போது "நிலத்தடி நீர் பெரிது" என்று நீங்கள் உட்பட எவரும் ஆறுதல் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பாசையூரில் எனக்குத் தெரிந்த சம்மாட்டியார் ஒருவர் இருக்கிறார். களங்கட்டி வைத்து நண்டும் இறாலும் பிடிப்பவர். 2012 முதல் ஒவ்வொரு நாளும் என்ன காற்று, எத்தனை கிலோ நண்டு, வியாபாரி என்ன விலை கொடுத்தார் என்பதைத் தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பிகளில் எழுதி வருகிறார். கடன்காரருக்குக் கணக்குக் காட்டத் தொடங்கிய பழக்கம் என்கிறார். 2016 ஓகஸ்ட் மாதத்துப் பக்கமொன்றை எனக்குக் காட்டினார். பக்கத்து வள்ளத்தில் இருபது லீற்றர் மண்ணெண்ணெய்க் கான் கவிழ்ந்த நாள் அது. பின்னேரம் சோளகம் எழும்பியபோது நீரில் வானவில் நிறம் எதுவும் மிஞ்சவில்லை, பார்த்தவர்கள் எல்லாம் போய்விட்டது என்றே சொன்னார்களாம். மறுநாள் வரிசையில் அவருடைய சாய்ந்த கையெழுத்து: "சோளகம். நண்டு 11 கிலோ. மண்ணெண்ணெய் மணம். எடுக்கவில்லை." அதற்கடுத்த நான்கு நாட்களுக்கும் கிலோவுக்கு எதிரே எண் இருக்கிறது, விலைக்கு எதிரே ஒரு கோடு மட்டுமே இருக்கிறது. ஐந்தாம் நாள் பாதி விலை.

2020 செப்டெம்பரில் அம்பாறைக் கடலுக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற கப்பல் தீப்பற்றியபோது அதன் தாங்கிகளில் 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. தாங்கிகள் தப்பின. அந்த வாரத்துப் பக்கத்திலும் அவர் காற்றையும் நண்டையும் மட்டுமே எழுதியிருக்கிறார்.

அந்தக் கொப்பிகளில் முதல் இரண்டைக் கறையான் அரிக்கத் தொடங்கிவிட்டது. மாரிமழைக்கு முன் எல்லாவற்றையும் பிரதியெடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவருடைய கையெழுத்தை வாசித்து எண்களை அட்டவணையாக்க இன்னொருவர் வேண்டும், அதுவும் புள்ளிபோட்டுப் பழகிய கண் என்றால் மிக நல்லது. வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பாசையூர் அந்தோனியார் கோவிலடிக்கு வாருங்கள், வாடிக்கு நடந்தே போகலாம். ஆமைகள் ஒதுங்கியதைப் பற்றி அவர் ஏதாவது குறித்திருக்கிறாரா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். குறித்திருந்து அது உங்கள் பக்கம் நின்றால் அதையும் இதே இடத்தில் வெளியிடுகிறேன்.