எண்ணிக்கையை அழிப்பது எந்த வரி?

கேள்வி: ஈஎஸ்பி32 சிப் உள்ள விலை குறைந்த வை-ஃபை போர்டு ஒன்றில் அளவீட்டுக் கருவி செய்திருக்கிறேன். அளவீடுகளை எண்ணும் குளோபல் மாறி, சில வை-ஃபை நெட்வொர்க்குகளில் இணையும்போது மட்டும் தானாகவே 0 ஆகிவிடுகிறது. ஒருமுறை 300-இலிருந்து 256-க்குக் குறைந்திருந்தது. காரணம் தேடுவதற்காகச் சீரியல் பிரிண்ட் வரிகளையும் அவற்றுக்கான சில மாறிகளையும் சேர்த்தால் பிழை மறைந்துவிடுகிறது. கணினி நிரலைப் போல மூலநிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்க இதில் வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் உங்கள் பிழைக்கு வரிவரியாக நடத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. 0, 256 என்ற இரு எண்களையும் நீங்கள் குறித்து எழுதியது பேருதவி. மாறியின் கீழ் பைட் மட்டும் சுழியானால் 255 வரையுள்ள எந்த எண்ணும் 0 ஆகும், 300 என்பது 256 ஆகும். ஆகவே மாறி முழுவதும் அழியவில்லை, ஒரே ஒரு பைட் அழிகிறது. இந்தச் சிப் கீழ் பைட்டையே நினைவகத்தில் முதலில் வைப்பதால், மாறிக்கு முன்னால் உள்ள ஏதோ ஓர் அணி (array, அடுத்தடுத்த இடங்களில் வைக்கப்படும் மதிப்புகளின் தொகுப்பு) தன் எல்லையை ஒரு பைட் தாண்டுகிறது என்று ஐயப்படலாம்.

பிரிண்ட் சேர்த்தால் மறைவதைக் கண்டு இதை நேரப் பிழை என்று முடிவு செய்ய வேண்டாம். 115200 பாட் வேகத்தில் 60 எழுத்துள்ள வரியை அனுப்ப ஏறத்தாழ 5 மில்லிநொடி ஆவதால் நேரமும் மாறத்தான் செய்யும். எனினும், நீங்கள் சேர்த்த புதிய மாறிகள் நினைவகத்தில் மற்றவற்றின் இடத்தை நகர்த்தியிருக்கும் என்பதே எனக்கு வலுவான காரணமாகப் படுகிறது. சுழி பைட் இப்போது வேறெங்கோ விழுகிறது.

இதை உறுதி செய்ய ஹார்டுவேர் வாட்ச்பாயின்ட் வேண்டும். பிரேக்பாயின்ட் நிரலின் ஒரு வரியைக் காவல் காத்து, ஓட்டம் அங்கே வந்ததும் நிறுத்துகிறது. வாட்ச்பாயின்ட்டோ நினைவகத்தின் ஓர் இடத்தைக் காவல் காத்து, அங்கே யார் எழுதினாலும் சிப்பை நிறுத்துகிறது. ஈஎஸ்பி32-இல் இரண்டு பிரேக்பாயின்ட்டுகளும் இரண்டு வாட்ச்பாயின்ட்டுகளும் வன்பொருளிலேயே உள்ளன. ஜிபிஐஓ 12, 13, 14, 15 ஆகிய நான்கு பின்களில் ஜேடேக் (சிப்பை வெளியிலிருந்து நிறுத்திப் பார்க்க உதவும் இணைப்பு) அடாப்டர் ஒன்றை, எடுத்துக்காட்டாக எஃப்டி2232ஹெச் சிப் கொண்டதை, கிரவுண்டுடன் சேர்த்து இணையுங்கள். கணினியில் அடாப்டருடன் பேசும் ஓப்பன்ஓசிடி மென்பொருளை இயக்கி, பிழைதேடும் கருவியான ஜிடிபியை அதன் 3333-ஆம் போர்ட்டில் இணைத்தால் போதும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஜிபிஐஓ 12. போர்டு உயிர்பெறும் நொடியில் அந்தப் பின்னின் நிலையைப் பார்த்தே சிப் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3 வோல்ட் தருவதா, 1.8 வோல்ட் தருவதா என்று தீர்மானிக்கிறது. அடாப்டர் அதை உயர்நிலையில் பிடித்திருந்தால் 3.3 வோல்ட் ஃபிளாஷ் உள்ள போர்டு தொடங்காது. சிப்பில் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஈஃபியூஸில் மின்னழுத்தத்தை நிலையாகப் பதிப்பதும் ஒரு தீர்வுதான். ஆனால் அதைப் பிறகு மாற்றவே முடியாது என்பதால், உங்கள் மாடியூலின் ஃபிளாஷ் எத்தனை வோல்ட் என்று உறுதியாகத் தெரியாமல் அதில் கைவைக்காதீர்கள்.

எண்ணும் மாறி முறையாகக் கூடும்போதும் வாட்ச்பாயின்ட் நிறுத்தும் என்பதால், தொடக்கத்திலேயே அதை வைத்தால் சலித்துப்போவீர்கள். முதலில் வை-ஃபை இணைந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் வையுங்கள். அங்கு நின்றபின் எண்ணும் மாறியின் மேல் வாட்ச்பாயின்ட் வைத்து நிரலைத் தொடர விடுங்கள். அடுத்து நிற்கும் இடம் சரம் (எழுத்துத் தொடர்) நகலெடுக்கும் நூலக ஃபங்ஷனுக்குள் இருந்தால், அழைப்பு வரிசையைப் பின்னோக்கிப் பாருங்கள். உங்கள் வரி அங்கே தெரியும். நெட்வொர்க் பெயர் 32 பைட் வரை இருக்கலாம், பெயரின் முடிவைக் காட்டும் சுழி பைட்டுக்கு 33-ஆவது இடம் தேவை. பெயரை 32 பைட் அணியில் நகலெடுத்திருந்தால், பெயர் முழு நீளமாக உள்ள நெட்வொர்க்குகளில் மட்டும் பிழை வருவதற்கும் அதுவே விளக்கம்.

சிப் நிற்கும்போது ரவுட்டர் காத்திருக்காது. பெரும்பாலான ரவுட்டர்கள் ஏறத்தாழ 102 மில்லிநொடிக்கு ஒருமுறை பீக்கன் (தான் இருப்பதை அறிவிக்கும் குறுஞ்செய்தி) அனுப்புகின்றன. நீங்கள் திரையைப் படிக்கும் சில நொடிகளில் பல பீக்கன்கள் தவறி, இணைப்பு அறுந்துபோகலாம். அதைப் புதிய பிழையாக எண்ணிக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஈஎஸ்பி8266. இதே முறை பொருந்துமா?

பதில்: ஓரளவே. சீரியல் வழியாக இயங்கும் ஜிடிபி ஸ்டப்பை (ஜிடிபியுடன் பேசும் சிறு நிரல்துண்டு) நிரலுடன் சேர்க்கலாம். ஆனால் வன்பொருள் பிரேக்பாயின்ட் ஒன்றும் வாட்ச்பாயின்ட் ஒன்றும்தான் கிடைக்கும். ஃபிளாஷிலிருந்து ஓடும் நிரலில் அந்த ஒரே பிரேக்பாயின்ட்டை இடம் மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும். புதிய போர்டு வாங்குவதாக இருந்தால் ஈஎஸ்பி32-சி3 அல்லது எஸ்3 சிப் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஜேடேக் அவற்றின் யூஎஸ்பிக்குள்ளேயே இருப்பதால் தனி அடாப்டர் தேவையில்லை. போர்டின் யூஎஸ்பி துளை நேராகச் சிப்புக்குச் செல்கிறதா, இடையில் சீரியல் மாற்றிச் சிப் இருக்கிறதா என்பதை மட்டும் வாங்கும்முன் பாருங்கள்.