வெளியில் வாங்கிய ஹெட்லைட்டை மாட்டினால் கார் வாரண்டி ரத்தாகிவிடுமா?

கேள்வி: நான் கரூரில் பள்ளி ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய என் காருக்கு, பணம் கட்டி எடுத்த நீட்டிப்பு வாரண்டி இன்னும் ஓராண்டு இருக்கிறது. சென்ற மாதம் வீட்டு வாசலில் நின்றிருந்த காரை ஒரு டெம்போ உரசியதில் இடப்பக்க ஹெட்லைட்டும் முன் பம்பரும் உடைந்துவிட்டன. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஹெட்லைட்டுக்கு மட்டும் 31,400 ரூபாய் எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். அதே பார்ட் நம்பர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில் பில்லுடன் 22,800 ரூபாய்க்குக் கிடைக்கிறது. "வெளியில் வாங்கி மாட்டினால் வாரண்டி மொத்தமும் போய்விடும்; இங்கே வேலை கொடுக்காவிட்டால் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 300 ரூபாய் கட்ட வேண்டும்" என்கிறார்கள். அவர்கள் காட்டிய பெட்டியில் அச்சிட்ட விலையின் மேல் வேறொரு விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரின் ஓரம் பெயர்ந்த இடத்தில் "24" என்ற முதல் இரண்டு இலக்கங்கள் தெரிந்தன. அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. விலை அதிகம் என்பது அவற்றில் சட்டத்தின் பிடிக்குள் எளிதில் வராதது. கார் உதிரிபாகங்களுக்கு இந்தியாவில் அரசு விலைக்கட்டுப்பாடு கிடையாது. தயாரிப்பாளர் அச்சிடும் அதிகபட்சச் சில்லறை விலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், "இது அநியாய விலை" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி வழக்கில் வெல்வது கடினம். ஆனால் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதும், வாரண்டியைக் காட்டி மிரட்டி ஓரிடத்திலேயே வாங்க வைப்பதும், வண்டியைப் பிணையாகப் பிடித்து வைப்பதும் வேறு விஷயங்கள். உங்களுக்கு நடந்திருப்பது இவை மூன்றும்தான்.

நீங்கள் எடுத்த படத்திலிருந்தே தொடங்குகிறேன். 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, பெட்டியில் அச்சிடப்பட்ட விலைக்கு மேல் எந்தச் சில்லறை விற்பனையாளரும் விற்கக் கூடாது; அந்த விலையை அழிக்கவோ திருத்தவோ கூடாது. விலையைக் குறைப்பதற்காக ஸ்டிக்கர் ஒட்ட இடமுண்டு, ஆனால் அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது. எனவே 24 ஆயிரத்துச் சொச்சம் அச்சிட்ட பெட்டியில் 31,400 என்று ஒட்டியிருந்தால், அது தற்செயலான தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாத மீறல். தமிழ்நாட்டில் இந்த விதிகளைத் தொழிலாளர் துறை அமல்படுத்துவதால், உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் படத்தை இணைத்து எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அந்தப் படத்தை எடிட் செய்யவோ வெட்டவோ வேண்டாம். எடுத்த போனிலேயே அப்படியே இருக்கட்டும்.

எஸ்டிமேட் தாளையும் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதன்மேல் தனியாக ஜிஎஸ்டி போட்டுக் கூட்டுவது பலரும் கவனிக்காமல் பணம் இழக்கும் இடம். பம்பர் போன்ற பாகங்களுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உங்கள் தாளில் பம்பருக்குப் பழைய விகிதம் இருந்தால் அதை வட்டமிட்டு விளக்கம் கேளுங்கள்.

அடுத்தது வாரண்டி மிரட்டல். இதே பிரச்சினை 2011 ஆம் ஆண்டின் 3 ஆம் எண் வழக்காக, சந்தையில் நிறுவனங்களிடையே நியாயமான போட்டி இருக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்க வழிசெய்ய வேண்டும், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்து வழக்கு நீண்டுபோனதால், இந்த ஆணையை மட்டும் நம்பி நீங்கள் வழக்காட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் தர்க்கம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆயுதம் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு சேவையைப் பெற வேண்டுமானால் இன்னொரு பொருளை எங்களிடமே வாங்க வேண்டும் என்று நுகர்வோரைக் கட்டாயப்படுத்துவதை அச்சட்டத்தின் 2(41) பிரிவு கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய வாரண்டியை, அவர்களிடம் ஹெட்லைட் வாங்கினால்தான் தொடருவோம் என்பது இந்த வரையறைக்குள் வரும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் உங்கள் வாரண்டிப் புத்தகத்தின் விலக்குகள் பகுதியைப் படித்தே ஆக வேண்டும். வெளியில் மாட்டிய பாகத்தால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அதில் இருந்தால் அது நியாயமான நிபந்தனை. ஹெட்லைட் ஒயரிங்கை வெட்டி ஒட்டி, அதனால் மின்சுற்று எரிந்தால், அந்த நட்டத்தை நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது. அதற்காக என்ஜினுக்கோ கியர் பாக்ஸுக்கோ உள்ள வாரண்டியை ஒரு ஹெட்லைட்டைக் காரணம் காட்டி மறுக்க முடியாது; மறுத்தால், கோளாறுக்கும் அந்த ஹெட்லைட்டுக்கும் தொடர்பிருப்பதை அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். ஒயரை வெட்டாமல் கம்பெனி கப்ளரிலேயே (ஒயர் இணைப்பானிலேயே) பொருந்தும் பாகமாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, நாளுக்கு 300 ரூபாய். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170 ஆம் பிரிவு, உழைப்பும் திறமையும் செலுத்தி வேலை செய்து முடித்தவருக்கு, அந்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. உங்கள் வண்டியில் அவர்கள் பரிசோதனை மட்டுமே செய்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்ட பரிசோதனைக் கட்டணம் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கேளுங்கள். நிறுத்தக் கட்டணம், வண்டியை விடும்போது நீங்கள் கையெழுத்திட்ட வேலைச் சீட்டான ஜாப் கார்டில் இல்லையென்றால் அதைக் கேட்க அவர்களுக்கு ஆதாரமில்லை. வண்டி அவசரமாகத் தேவைப்பட்டு வேறு வழியின்றிக் கட்டினால், பில்லின் இரு நகல்களிலும் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதித் தேதியுடன் கையெழுத்திடுங்கள். பின்னாளில் "அவரே விரும்பிக் கட்டினார்" என்ற வாதத்தை அந்த இரண்டு சொற்கள் அடைத்துவிடும்.

வெளியில் வாங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மிச்சப்படுத்தப் போய் ஏமாந்தவர்களும் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள். கார் நிறுவனத்துக்குப் பாகம் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்களில் பலர் அதே வகைப் பாகத்தைத் தங்கள் சொந்தப் பெயரிலும் சந்தைக்கு விடுகிறார்கள். விலை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் அதுதான். இது டூப்ளிகேட் அல்ல. டூப்ளிகேட் என்பது கம்பெனி முத்திரையைத் திருடிப் போட்ட போலி. அதை விற்பது வணிகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், பார்ட் நம்பர், தயாரிப்பாளர் பெயர் மூன்றும் இருக்கட்டும். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான். புதுப்பேட்டையில் பழைய ஹெட்லைட் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரியாத பாகம் திருட்டுப் பொருளாக இருந்தால் நீங்களும் காவல் நிலையத்தில் பதில் சொல்ல நேரும் என்பதால், பில் இல்லாமல் பழைய பாகம் வாங்காதீர்கள்.

காப்பீட்டில் கோரலாமா என்றும் கணக்குப் பாருங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடியும் போகும். பல சமயம் கையிலிருந்து செலவழிப்பதே லாபமாக இருக்கும்.

உடைந்த பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றியதாக வந்த பில்லைக் கட்டிவிட்டு, பழையதைக் கேட்டபோது அவர் கைக்கு வந்தது ஒன்றுதான். இன்னொன்று வண்டியிலேயே இருந்தது.

இந்த வாரமே சர்வீஸ் சென்டருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும், வாரண்டி ரத்தாகும் என்பதை எந்த நிபந்தனையின்கீழ் சொல்கிறீர்கள் என்று கேட்டு மின்னஞ்சலும், ஒப்புகையுடன் விரைவுத் தபாலும் அனுப்புங்கள். வாயால் சொன்ன மிரட்டலை எழுத்தில் தரப் பெரும்பாலானோர் தயங்குவார்கள். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனாலும் ஜாப் கார்டு, எஸ்டிமேட், சென்னைக் கடையின் விலைப்பட்டியல், அந்தப் படம் ஆகிய நான்கையும் இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வைத்துவிடுங்கள்.