குளிர் மலைநாட்டில் கிளைடர் எந்தச் சூட்டை நம்பி மேலே ஏறுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: வன்னியில் பருந்துகள் வெயில் ஏறிய பிறகுதான் வட்டமிட்டு உயர்கின்றன, அப்படியானால் பனி மூடிய வடநாட்டு மலைகளில் என்ஜின் இல்லாத கிளைடர்கள் எப்படி மணிக்கணக்கில் பறக்கின்றன? பறந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

சூட்டை நம்பி அல்ல, மலையைத் தாண்டி வீசும் காற்றை நம்பித்தான் அவை பறக்கின்றன. நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவன். சுவீடனில் இருக்கும் அண்ணாவிடம் போயிருந்த ஒரு பங்குனி மாதத்தில், வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே, கிருனா நகருக்கு அப்பாலுள்ள கெப்னேகைசே மலைப்பகுதியில், அனுபவமுள்ள ஒரு விமானியுடன் இரட்டை இருக்கைக் கிளைடரில் பயணியாகப் பறந்திருக்கிறேன்.

பருந்தைப் பற்றி நீங்கள் கவனித்தது சரியே. அறுவடை முடிந்து காய்ந்த வயல் சூடாகி, அதன் மேலுள்ள வளி இலேசாகி எழும்போது பருந்து அதற்குள் நின்று வட்டமிடுகிறது. வடநாட்டிலும் கோடையில் கிளைடர்கள் அவ்வாறே உயர்கின்றன. ஆனால் பங்குனியில் அங்கே படிந்திருக்கும் பனி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் நிலம் சூடாவதில்லை.

குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு மற்ற வழியை விளக்குவது எளிது. வானால் வழிந்தோடும் நீர், அடியில் கிடக்கும் ஒரு பெரிய கல்லின் மேல் ஏறி இறங்கியதும் உடனே மட்டமாகிவிடுவதில்லை. கல்லுக்கு அப்பால் இரண்டு மூன்று அலைகளாக எழுந்து தாழ்ந்துதான் போகிறது. நீர் ஓடிக்கொண்டே இருக்கும், அலை மட்டும் அதே இடத்தில் நிற்கும். மலையைத் தாண்டும் வளியும் அப்படித்தான். மலை மேலே தள்ளிய வளி குளிர்ந்து, சுற்றியுள்ள வளியைவிடக் கனமாகிவிடுவதால் மறுபக்கம் இறங்குகிறது. இறங்கிய வேகத்தில் தன் மட்டத்தையும் தாண்டிக் கீழே போய், மீண்டும் எழுகிறது. அந்த எழும் பகுதியில் நின்றுதான் கிளைடர் ஏறுகிறது. இந்த அலை உருவாக வளி அடுக்குகள் கலையாமல் இருக்க வேண்டும், காற்று மலைத்தொடருக்கு ஏறத்தாழக் குறுக்காக வீச வேண்டும், உயரம் கூடக்கூட அதன் வேகமும் கூட வேண்டும். நிலம் குளிர்ந்திருப்பது அடுக்குகள் கலையாமலிருக்க உதவுவதால், நீங்கள் தடையென நினைத்த குளிர் உண்மையில் துணை நிற்கிறது.

1933 இல் ஜேர்மன் விமானி வொல்ஃப் ஹிர்த், இன்று போலந்து-செக் எல்லையிலுள்ள ரீசன்கெபிர்கே மலைகளின் பின்புறத்தில் இந்த அலையில் ஏறினார். 2018 இல் பெர்லான் 2 என்னும் கிளைடர், ஆர்ஜென்ரீனாவில் அந்தீஸ் மலையலையைப் பிடித்து 22 கிலோமீற்றருக்கும் மேலே சென்றது.

எங்களுக்கு ஓடுபாதையாக இருந்தது உறைந்த ஏரி. சிறிய விமானமொன்று நீண்ட கயிற்றால் எங்களை இழுத்துச் சென்றது. அலைக்குக் கீழே ரோட்டர் என்றழைக்கப்படும் உருளும் வளி இருக்கிறது. ஏ-9 வீதி திருத்தப்படுவதற்கு முன் அதில் பஸ்ஸில் போனவர்கள் அறிந்த குலுக்கலைவிட அது பல மடங்கு கடுமையானது, பட்டி இறுக்கியிருந்தும் என் தலை கண்ணாடி மேல்மூடியில் இடித்தது. அதைக் கடந்து கயிற்றைக் கழற்றியதும் எல்லாம் ஒரேயடியாக அடங்கிவிட்டது. ஏற்றத்தைக் காட்டும் முள் வினாடிக்கு 3 மீற்றரில் அசையாமல் நின்றது. காற்றுக்கு எதிராக மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தோம். எதிர்க்காற்றின் வேகமும் ஏறத்தாழ அதுவே என்பதால், கீழே தெரிந்த அதே மரக்கூட்டம் அரை மணி நேரமாக எங்களுக்கு நேர் கீழேயே இருந்தது. வில்லை வடிவ முகிலொன்றும் எங்கள் பக்கத்தில் அப்படியே நின்றது. வானூர்தியின் இரைச்சல் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிய பிள்ளைப் பருவம் என்னுடையது. காற்றின் மெல்லிய சீறலைத் தவிர வேறு ஒலியே இல்லாமல் வானத்தில் இருந்த அந்த அரை மணி நேரத்தை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை எழுத்தில் சொல்வது கடினம்.

இது பாதுகாப்பான சுற்றுலா என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 3000 மீற்றரைத் தாண்டியதும் மூக்கில் குழாய் வைத்து ஒட்சிசன் எடுத்தோம். சராசரியாக ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறைகிறது. தரையிலேயே பூச்சியத்துக்கு 9 பாகை கீழே இருந்ததால், 4000 மீற்றரில் எங்கள் மூச்சே கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்தது. கீழேயுள்ள முகில்களின் இடைவெளி மூடிக்கொண்டால் இறங்கும் வழி மறைந்துவிடும். ஆகவே விமானி மேலே பார்த்ததைவிடக் கீழே பார்த்ததே அதிகம், இடைவெளி சுருங்கத் தொடங்கியதும் இன்னும் ஏற முடிந்தபோதிலும் இறங்கத் தொடங்கினார்.

உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் முதலில் கால்களைக் கவனியுங்கள். மேல்மூடி வழியாக நெஞ்சில் வெயில் படும், ஆனால் கிளைடரின் மூக்குப் பகுதிக்குள் நீட்டிய கால்களுக்கு வெயிலே கிடையாது. இரண்டு சோடி கம்பளிக் காலுறை போதுமென்று நினைத்துப் போன எனக்கு, இறங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் விரல்களில் உணர்வு திரும்பியது.